கார்பன் துணிக்கு முன்னால் ஒரு தராசு வாங்குங்கள்

வீட்டிலேயே காருக்கு ஃபைபர் பானெட் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது கார்பன் இழையா, கண்ணாடி இழையா (கிளாஸ்) என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு. துணியை நனைத்து இறுகிக் கெட்டியாகும் பிசின்தான் ரெசின். ஒரு சதுர மீட்டர் துணிக்கு எத்தனை கிராம் ரெசின் விடப் போகிறீர்கள்? இதற்குப் பதில் இல்லாமல் பிரஷ்ஷைக் கையில் எடுத்தால், எவ்வளவு உசத்தியான துணி போட்டாலும் எடை பெரிதாகக் குறையாது. நறுக்கிய கண்ணாடி இழையால் ஆன தடித்த விரிப்பு (மேட்), அதன்மேல் கைக்கு வந்தபடி ரெசின், ஆடாமல் இருக்கப் பின்னால் ஒரு மரச்சட்டம், மேடு பள்ளத்தை மறைக்கப் பட்டி, அப்புறம் பெயிண்ட் என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் பழைய இரும்பு பானெட்டே தேவலாம் போல ஆகிவிட்டவற்றை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப் பார்த்துவிடலாம், கஷ்டமானது இல்லை. காரின் வெளித்தகடு சுமார் 0.7, 0.8 மி.மீ. இரும்பு. 0.8 என்றால் சதுர மீட்டருக்கு 6.3 கிலோ வருகிறது. பாலியெஸ்டர் ரெசினில் மேட் போட்டுக் கையால் செய்யும் தகடு, விறைப்பில் இரும்பில் 30இல் ஒரு பங்குதான் தேறும். ஆனால் ஒரு தகடு வளைவதை எதிர்க்கும் பலம் அதன் தடிமனின் மும்மடியாக ஏறும், தடிமன் இரண்டு மடங்கானால் பலம் எட்டு மடங்கு. அதனால் அதே மேட் தகட்டை 2.5 மி.மீ. வரை ஏற்றினாலே 0.8 மி.மீ. இரும்புக்குச் சமமாக நிற்கிறது, எடை சதுர மீட்டருக்கு 3.7 கிலோ பக்கம்தான். கார்பன் துணியும் எபாக்ஸி என்ற வேறு வகை ரெசினும் என்றால் 1.3 மி.மீ. போதும், 2 கிலோவுக்குள் முடிந்துவிடும். இந்த எண்கள் எல்லாம் ரெசின் அளவாக இருந்தால் மட்டும்.

அந்த அளவு என்ன? நறுக்கிய இழையால் ஆன மேட் ஒரு கிலோவுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ ரெசின் குடிக்கும், அதன் சுபாவம் அப்படி, நீங்கள் எவ்வளவு உருட்டிப் பிழிந்தாலும் பெரிதாக மாறாது. நெய்த துணியைக் கவனமாகக் கையால் போட்டால் எடைக்கு எடை, ஒன்றுக்கு ஒன்று. வேக்யூம் வைத்து ரெசினை உறிஞ்ச விட்டால் துணியின் எடையில் பாதியோ கொஞ்சம் கூடுதலோ போதும். ஆக, துணி வெட்டியதும் எல்லாத் துண்டுகளையும் தராசில் வைத்து எடை எழுதிக்கொள்ள வேண்டும். ரெசினை அதற்கு ஏற்ற அளவுதான் கலக்க வேண்டும். 'கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையும் தடவிவிடலாம்' என்ற எண்ணம் வரும், அங்கேதான் எடை ஏறுகிறது. கூடுதல் ரெசின் எதையும் பலப்படுத்துவதில்லை, பலம் முழுக்க இழையில் இருக்கிறது.

மேட்டை நான் மட்டம் தட்டவில்லை. 1953இல் செவ்ரோலெட் கார்வெட் வந்தபோது அதன் உடம்பு முழுக்க கிளாஸ் ஃபைபர்தான், முதல் வருடம் 300 கார்கள் செய்தார்கள். கார்பன் ஃபார்முலா 1 பக்கம் முழு மோனோகாக்காக, அதாவது ஓட்டுநர் உட்காரும் தாங்குகூடாகவே, வந்தது 1981இல், மெக்லாரன் எம்.பி.4/1 காரில். அதற்கு முன்பே பல பந்தயக் கார்களின் மேலுடம்பைக் கிளாஸில் செய்து ஓட்டினார்கள். முதல் பானெட்டுக்கு நெய்த கிளாஸ் துணியும் எபாக்ஸியும் தாராளம் என்பது என் கருத்து. இன்னொன்று, எபாக்ஸிக்கு மேட் வாங்கி வைக்காதீர்கள். மேட்டின் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்ஸியில் கரையாமல் மேட் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வளைவில் உட்காராது. இதே ஸ்டைரீன் தெர்மாகோலையும் கரைத்துவிடும், அதனால் தெர்மாகோலில் வடிவம் செதுக்கி அதன்மேல் நேராக பாலியெஸ்டர் ஊற்றினால் வடிவமே காணாமல் போகும்.

இனி அச்சு, அதாவது மோல்டு. பேனல் செய்வதை விட மோல்டு செய்வதுதான் உண்மையான வேலை, நேரமும் பொருளும் பெரும்பகுதி அங்கேதான் போகும். இருக்கிற இரும்பு பானெட்டையே மூலமாக வைத்து அச்செடுக்கலாம். அதில் உள்ள ஒவ்வொரு கீறலும் ஒடுக்கும் அப்படியே அச்சில் பதியும், அங்கிருந்து பேனலில் பதியும். எனவே மூலத்தை முதலில் டிங்கரிங் செய்து, எமரி பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, டியூப் லைட்டின் பிம்பம் நெளியாமல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பலர் பானெட்டைக் கழற்றித் தரையில் போட்டு அச்செடுக்கிறார்கள். நான் அதைக் காரிலேயே மாட்டி வைத்து, மூடிய நிலையில் எடுக்கச் சொல்வேன். கழற்றிய தகடு தன் எடையிலேயே லேசாகத் தொய்யும், தரையில் அது தெரியாது, கடைசியில் ஃபெண்டருக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு பக்கம் விரல் போகும், மறுபக்கம் தாள் கூடப் போகாது. காரின் மற்ற பாகங்களைப் பிளாஸ்டிக் விரித்து நன்றாக மூடுங்கள், ரெசின் சொட்டினால் பெயிண்டோடுதான் வரும்.

அச்சு மூலத்தோடு ஒட்டாமல் இருக்க வேக்ஸ் ஐந்தாறு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் காய விட்டு. புது மூலம், முதல் அச்சு என்றால் அதன்மேல் ஒட்டாமல் தடுக்கும் பி.வி.ஏ. படலமும் அடித்துவிடுங்கள். அச்சு பிரியாமல் ஒட்டிக்கொண்டால் மூலம், அச்சு, ஒருவேளை கார் மூன்றும் போகும் என்பதால் இங்கே சிக்கனம் வேண்டாம். ஓரங்கள் உள்ளே மடங்கும் இடத்தைத் தனியாக யோசியுங்கள். ஒரே துண்டாக அச்செடுத்தால் அந்த மடிப்பு அச்சைப் பிடித்துக்கொள்ளும். அங்கே வெளியே நீட்டிய ஒரு விளிம்பு (ஃபிளாஞ்ச்) வைத்து, போல்ட் போட்டுப் பிரிக்கிற மாதிரி இரண்டு மூன்று துண்டாகச் செய்ய வேண்டியிருக்கும்.

அப்புறம் டூலிங் ஜெல்கோட், அதாவது அச்சின் முகப்பாக அமையும் இழை இல்லாத ரெசின் பூச்சு. விரலால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது, அதுதான் அடுத்த வேலைக்கான பதம். ஜெல்கோட் மெல்லிசாக இருந்தாலோ பதம் வருவதற்கு முன் மேட் வைத்தாலோ, மேலே வரும் ரெசினின் ஸ்டைரீன் அதைத் தாக்கி முதலைத் தோல் மாதிரி சுருக்கிவிடும். முதல் மேட் மெல்லியதாக, ஒரு காற்றுக்குமிழ் இல்லாமல். மிச்சத்தை ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டிரண்டு அடுக்காகப் போடுங்கள், பாலியெஸ்டர் இறுகும்போது சூடாகும், சுருங்கும், மொத்தமாகப் போட்டால் அச்சே முறுக்கிக்கொள்ளும். அச்சுக்குப் பேனலைப் போல மூன்று நான்கு மடங்கு தடிமன் வேண்டும். பின்பக்கத் தாங்குசட்டத்தை அச்சு மூலத்தின் மேல் இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள், பிரித்த பிறகு ஒட்டினால் கோணலோடு சேர்த்து ஒட்டியதாகிவிடும். பிரிக்க அவசரப்படாதீர்கள், ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும்.

பாலியெஸ்டரை இறுக வைக்கும் எம்.இ.கே.பி. கேட்டலிஸ்ட் ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான் சேர்ப்பது, ஆனால் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம், கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள். இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட் கரைசலையும் எம்.இ.கே.பி.யையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் கலக்கி முடித்துவிட்டு, பிறகுதான் மற்றது. எபாக்ஸியில் கதை வேறு: சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்ட முடியாது, விகிதம் மாறினால் அது இறுகாமலே கொழகொழவென்று நின்றுவிடும். கலந்ததை டப்பாவிலேயே வைத்துக்கொண்டு யோசித்தால் சூடேறிப் புகையும், அகலமான தட்டில் ஊற்றிவிடுங்கள். ரெசின் வேலைக்கு ஆவியைப் பிடிக்கும் கார்பன் கார்ட்ரிட்ஜ் முகமூடி, வெட்டித் தேய்க்கும்போது தூசி முகமூடி. இரண்டும் வேறு வேறு, துணி மாஸ்க் இரண்டுக்கும் உதவாது. கையில் நைட்ரைல் உறை. எபாக்ஸி அலர்ஜி ஒருமுறை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க விடாது, அத்தோடு இந்தப் பொழுதுபோக்கு முடிந்தது.

பேனல் போடும்போது கடைசி அடுக்கின் மேல் பீல் பிளை என்ற பிறகு உரித்து எடுக்கும் நைலான் துணியை விரித்து ஸ்க்வீஜியால் (வழிக்கும் ரப்பர் தகடு) இழுத்துப் பாருங்கள். வேக்யூம் பம்ப் இல்லாமலேயே, மிச்ச ரெசின் அதன் வழியாக மேலே வருவது கண்ணுக்குத் தெரியும். அதை வழித்து எடுத்து எடை போட்டால் பானெட்டிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று கிராம் கணக்கில் தெரிந்துவிடும். துணியைப் பையால் மூடி, காற்றை எடுத்து, ரெசினை உறிஞ்ச விடும் வேக்யூம் இன்ஃபியூஷனை இரண்டாவது மூன்றாவது பேனலுக்கு வைத்துக்கொள்ளலாம். அதில் பையில் ஒரு ஊசி முனைக் கசிவு இருந்தாலும் பேனல் முழுக்கக் காற்று வரும். பம்ப்பை நிறுத்தி, குழாயை அடைத்து, கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே ரெசின் குழாயைத் திறக்க வேண்டும்.

பெரிய சமதளம் தொளதொளவென்று ஆடினால் இன்னொரு அடுக்கு துணி போடத் தோன்றும். போடாதீர்கள். நடுவே 3 மி.மீ. நுரைப் பலகை வைத்து இருபுறமும் மெல்லிய தோல் போடுங்கள். கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தி உள்ள பலகை என்றால் சதுர மீட்டருக்கு 240 கிராம்தான் கூடும், விறைப்போ பல மடங்கு ஏறும். ஆனால் கீல், லாக் வரும் இடங்களில் நுரை நசுங்கிவிடும். அங்கே நுரையை வெட்டி எடுத்துவிட்டு ப்ளைவுட்டோ அலுமினியத் தகடோ பதியுங்கள். கார்பனும் அலுமினியமும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும், நடுவே ஒரு அடுக்கு கிளாஸ் துணி அவசியம். பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் பழைய கேஸ் ஸ்ட்ரட்டையும் கழற்றிவிடுங்கள். அது இரும்பின் எடைக்குக் கணக்குப் போட்டு வைத்தது, லேசான பானெட்டை மூடிய நிலையிலேயே மேல்நோக்கி வளைக்கும். பழைய லாக்கை மட்டும் நம்பி வேகமாகப் போகக் கூடாது, நான்கு மூலையிலும் பானெட் பின் போடுங்கள்.

கதவைத் தொடாதீர்கள். உள்ளே பக்கவாட்டு மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம் இருக்கிறது, அதை எடுத்துவிட்டு எடை குறைத்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. பானெட்டும் மோதலில் மடியும்படி வடிவமைத்ததுதான். ஆகவே சாலையில் ஓடும் கார் என்றால் அங்கே உள்ள சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். டிக்கி மூடியும் முன் ஃபெண்டரும் ஆரம்பிக்க நல்ல இடங்கள்.

பெயிண்டுக்குப் போவதற்கு முன் சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி 55, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட் அதைத் தாண்டிவிடும். அச்சிலேயே வைத்து, ஒரு பெட்டிக்குள், ரெசின் தயாரிப்பாளர் சொன்ன டிகிரி வரை படிப்படியாக ஏற்றுங்கள். இதைச் செய்யாமல் பெயிண்ட் அடித்தால் முதல் கோடையில் துணியின் நெசவு பெயிண்டின் மேல் கோடு கோடாகத் தெரியும்.

ஜெல்கோட்டைப் பேனலில் போடுவதா வேண்டாமா என்றும் கேட்பார்கள். அரை மி.மீ. ஜெல்கோட் சதுர மீட்டருக்கு 600 கிராம் வரும். மேலே பெயிண்ட் அடிக்கத்தான் போகிறோம் என்றால் நான் அதை விட்டுவிடுவேன், நெசவின் ஊசித் துளைகளை அடைக்க ஒரு கோட் எபாக்ஸி பிரைமரை அடித்துத் தேய்த்துக்கொள்வேன். தேய்க்கும் வேலை கூடும், அரை கிலோ குறையும். பட்டி டப்பாவையும் அதே தராசில் வைத்து, அடிப்பதற்கு முன்னும் பின்னும் எடை குறித்துக்கொள்ளுங்கள்.