74 நாள் கணக்கு

திருமணமாகி இரண்டரை ஆண்டுகள் கழிந்த பிறகே நான் முதன்முதலாக விந்துப் பரிசோதனைக்குச் சென்றேன். அதற்குள் என் மனைவி தைராய்டு, ஹார்மோன் பரிசோதனைகளையும், ஒரே மாதத்தில் நான்கைந்து முறை அலைய வைக்கும் கருமுட்டை வளர்ச்சி ஸ்கேனையும், கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எடுக்கும் வலி மிகுந்த எக்ஸ்ரேயையும் முடித்திருந்தார். ஊசி கூடத் தேவைப்படாத என் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளி வைத்தது நான் செய்த தவறு. குழந்தைப்பேறு தள்ளிப்போகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்திருக்கிறது என்பதை அறிந்திருந்தால், அவரை அந்த எக்ஸ்ரே மேசையில் படுக்க விடுவதற்கு முன் நான் போயிருப்பேன்.

முதல் பரிசோதனை ஜனவரியில் நடந்தது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்துவிட்டு வரச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்துச் சென்றேன். பெயர் எழுதிய சிறு டப்பாவைக் கொடுத்து ஓர் அறையைக் காட்டினார்கள். வெளியே வரிசையில் காத்திருந்தவர்களின் பேச்சு உள்ளே கேட்டது. பதற்றத்தில் முதலில் வந்த சில துளிகள் டப்பாவுக்கு வெளியே விழுந்துவிட்டன. கூச்சத்தால் அதை யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் வந்த அறிக்கையில் அளவு 1.1 மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டரில் 60 லட்சம் விந்தணுக்கள், அசைவுத் திறன் 22 சதவீதம் என்றிருந்தது. "கவுண்ட் கம்மி சார், டெஸ்ட் டியூப் டாக்டரைப் பாருங்க" என்று சொல்லித் தாளை நீட்டினார்கள். அன்றிரவு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

நாங்கள் அடுத்துப் பார்த்த ஆண்ட்ராலஜி (ஆண்களின் இனப்பெருக்கக் குறைகளைக் கவனிக்கும் துறை) மருத்துவர் அறிக்கையைப் படிப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்டார்: மாதிரி முழுவதும் டப்பாவில் விழுந்ததா, கடந்த மூன்று மாதத்தில் கடும் காய்ச்சல் வந்ததா? நவம்பர் நடுவில் டெங்குவால் ஐந்து நாள் 103 டிகிரியில் கிடந்ததையும், சிந்திய துளிகளையும் அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவர் அறிக்கையின் பின்பக்கத்தில் படம் வரைந்து விளக்கினார்.

விந்து என்று நாம் சொல்லும் நீரில் விந்தணுக்கள் இரண்டு முதல் ஐந்து சதவீதம் மட்டுமே. மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத நீர் சிறுநீர்ப்பைக்குப் பின்னால் உள்ள விந்துப்பைகள் என்னும் சுரப்பிகளில் சுரக்கிறது. அணுக்களுக்கு ஆற்றல் தரும் ஃபிரக்டோஸ் சர்க்கரையும், வெளிவந்ததும் விந்தைக் கூழாக உறைய வைக்கும் புரதமும் அதில் இருக்கின்றன. துத்தநாகமும் சிட்ரிக் அமிலமும் நிறைந்த புராஸ்டேட் சுரப்பியின் நீர் கால் பங்கு அளவில் சேர்கிறது. உறைந்த கூழைக் கரைத்து அணுக்களை விடுவிக்கும் நொதியும் அங்கிருந்துதான் வருகிறது. இவை யாவும் ஒரே நேரத்தில் கலந்து வருவதில்லை. புராஸ்டேட் நீரோடு பெரும்பாலான விந்தணுக்களும் முதலில் வர, விந்துப்பையின் நீர் பின்னால் வருகிறது. நான் தவறவிட்டது எண்ணிக்கை மிகுந்த பகுதியையே.

காய்ச்சலின் கணக்கு வேறு. விரைகள் உடலின் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி செல்சியஸ் குறைந்த சூட்டில் வேலை செய்ய வேண்டியவை. அதனால்தான் அவை உடலுக்கு வெளியே தொங்குகின்றன. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாட்களும், விரையின் மேலுள்ள சுருள் குழாயில் முதிர்ந்து நீந்தக் கற்க மேலும் ஒன்றிரண்டு வாரங்களும் ஆகின்றன. ஆகவே ஜனவரியில் நான் கொடுத்த மாதிரி, நவம்பர் காய்ச்சலில் வெந்த அணுக்களின் மாதிரி. மார்ச் நடுவில் மீண்டும் வரச் சொன்னார். ஒரே ஓர் அறிக்கையை வைத்து யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்.

ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்துக்குச் சமம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இளமையில் வீணாக்கியதன் பலன்தான் இது என்று அந்த இரண்டு மாதமும் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தேன். விரைகள் இரவு பகலாக நாள்தோறும் பல கோடி அணுக்களைப் புதிதாக உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன, சேமித்து வைத்துத் தீர்ந்துபோகும் பொருளன்று அது என்று மருத்துவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. இதை மறைக்க விரும்பவில்லை. இதே அச்சத்தோடு இருக்கும் தம்பிகள் பலர் என்பது எனக்குத் தெரியும்.

மார்ச்சில் மாதிரியை முழுமையாகக் கொடுத்தேன். ஆய்வக அக்கா அதை 37 டிகிரி வெப்பப் பெட்டியில் வைத்தார். முதலில் ஜவ்வரிசிக் கஞ்சி போல் கட்டிகட்டியாக இருந்தது, இருபது நிமிடத்தில் குழாயிலிருந்து துளித்துளியாகச் சொட்டும் அளவுக்கு இளகியிருந்தது. நான் கேட்டதற்காக நுண்ணோக்கியில் பார்க்க அனுமதித்தார். சில அணுக்கள் எண்ணுவதற்காகக் கண்ணாடியில் வரைந்திருந்த கட்டங்களைக் குறுக்கே நேராகக் கடந்தன. சில ஒரே இடத்தில் வட்டமிட்டன. பல அசைவற்றுக் கிடந்தன. நான்கு சதவீதம் சரியான வடிவில் இருந்தாலே போதும் என்றார் அவர்.

இம்முறை 2.6 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 3.1 கோடி, அசைவு 51 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு தரும் கீழ் எல்லைகள் 1.4 மில்லிலிட்டர், 1.6 கோடி, 42 சதவீதம். அந்த எல்லைக்குக் கீழே இருப்பவர்களுக்கும் குழந்தை பிறக்கிறது, மேலே இருப்பவர்களுக்கும் தாமதமாகிறது என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. கோடிக்கணக்கில் புறப்பட்டாலும் பிறப்புறுப்பின் அமிலத்தையும் கருப்பை வாயையும் கடந்து முட்டையின் அருகே சேர்வது சில நூறு அணுக்களே. கருப்பைக்குள் அவை ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும், முட்டையோ ஒரு நாள்தான். ஆதலால் முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்கள் முக்கியம் என்று எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னார். செயற்கைக் கருத்தரிப்பை ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் என் இரண்டு அறிக்கைகளையும், சிந்தியதையும் காய்ச்சலையும் சேர்த்தே சொன்னேன். மனைவியின் கோப்பில் பதினேழு தாள்கள் இருந்தன. என் இரண்டு தாள்களை அவற்றின் மேல் வைத்துக் கட்டினேன்.