ஹார்ப்சிகார்ட் நுழைவுத் தேர்வா? முதலில் ரெசிடட்டிவைக் கவனியுங்கள்

நுழைவுத் தேர்வு முடிவு வந்துவிட்டது, மூச்சு விட்டாயிற்று. அடுத்த வருடம் பழங்கால விசைப்பலகைப் பிரிவுக்கு, அதாவது கம்பியைச் சுண்டி ஒலிக்கும் ஹார்ப்சிகார்டுக்கு, போகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: தனி வாசிப்புக்கு வைத்திருக்கும் நேரத்தில் பாதியைப் பிடுங்கி ரெசிடட்டிவுக்கு (பேச்சுபோல் பாடும் பகுதிக்குத் துணை வாசிப்பதற்கு) கொடுங்கள். கிரேடு 8 பியானோ முடித்து வருகிற எல்லோரும் பாக்கின் பார்ட்டிட்டா (நடனத் துண்டுகளின் தொகுப்பு) ஒன்றைப் பளபளவென்று தயார்செய்து வருகிறார்கள். அதனால் அந்தச் சுற்றில் யாரும் பெரிதாக முந்துவதில்லை. ஒரு செல்லோ, ஒரு பாடகர், மேலே சேர்க்க வேண்டிய சுரங்களை எண்களால் மட்டும் குறித்த ஒரு பாஸ் வரி (கீழ்க்குரல்) என்று முன்னால் வைக்கும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

"எனக்குக் கண்டக்டிங்தான் (குழுவை நடத்துவதுதான்) லட்சியம், கன்டின்யூவோ (பாஸ் வரியை வைத்துத் துணை வாசிப்பது) எதற்கு?" என்பவர்கள் முன்னோடிகளைப் பாருங்கள். 1972-இல் இங்கிலிஷ் கான்சர்ட் இசைக்குழுவைத் தொடங்கிய டிரெவர் பின்னாக், 1979-இல் ஆம்ஸ்டர்டாம் பரோக் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கிய டான் கூப்மன், அதே ஆண்டில் லெ ஆர் ஃப்ளோரிசான் குழுவைத் தொடங்கிய வில்லியம் கிறிஸ்டி, மூவருமே ஹார்ப்சிகார்டிலிருந்து வந்தவர்கள். இன்னொரு ஹார்ப்சிகார்ட் கலைஞர் கிறிஸ்டோஃப் ரூசே 1983-இல் புரூஜ் ஹார்ப்சிகார்ட் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். சொந்தக் குழு அமைத்தது 1991-இல். நடுவில் கிறிஸ்டியின் குழு உட்படப் பிறர் குழுக்களில்தான் வேலை. குச்சியைக் கையில் எடுக்கும் முன் பல வருடம் பாஸ் வரிக்குப் பின்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

ரெசிடட்டிவுக்குத் தயாராவது இப்படி. பாடகரின் வரியை நீங்களே வாய்விட்டுப் பாடிக்கொண்டு எண்களை வாசியுங்கள். சுருதி சுத்தம் முக்கியமில்லை. அழுத்தம் எந்த அசையில் விழுகிறதோ அங்கே கார்டு விழ வேண்டும். வரிக்கு அர்த்தம் தெரியாமல் உட்காரவே உட்காராதீர்கள். ஹார்ப்சிகார்டில் விரலை அழுத்திச் சத்தத்தைக் கூட்ட முடியாது, சுரங்களின் எண்ணிக்கைதான் சத்தம். மெல்லிய வார்த்தைக்கு இரண்டு மூன்று சுரம், நிதானமாக விரித்து. கோபத்துக்கு இரு கையிலும் ஏழெட்டு, ஒரே வீச்சில். ஒவ்வொரு கார்டையும் ஒரே வேகத்தில் மேல்நோக்கி உருட்டுவதுதான் பியானோக்காரர்களைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம்.

பாக்கின் மத்தேயு பாஷனில் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசைப்படைப்பு) சுவிசேஷகர், அதாவது கதைசொல்லி, பாடும் இடங்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். முழுப்பிரதியில் பாஸ் சுரங்கள் நீண்டு கிடக்கும். வாத்தியக்காரர்களுக்கான தாள்களில் அதுவே க்ராட்செட்டும் (குறுகிய சுரம்) ரெஸ்ட்டுமாகச் (இடைநிறுத்தம்) சுருங்கியிருக்கும். "ஏன் நீட்டவில்லை?" என்று தேர்வாளர் கேட்டால் கையில் இருக்க வேண்டிய பதில் இது.

எண்களில் (பாஸிலிருந்து மேலே எத்தனையாவது சுரம் என்பதே எண்) கை தடுமாறும் இடங்கள்:

- எண் இல்லாமல் ஷார்ப் மட்டும் இருந்தால் அது மூன்றாவது சுரத்துக்கு.
- ஷார்ப் போட்ட பாஸ் சுரம் அரைப்படி மேலே ஏறப்போகிறது, எண்ணும் இல்லை: பெரும்பாலும் 6.
- 4/2 (4-உம் 2-உம் சேர்ந்து) வந்தால் பாஸ் கீழே இறங்கும், அடுத்தது 6. கையை முன்கூட்டியே அங்கே வையுங்கள்.
- ஆக்டேவ் விதி (ஸ்கேலின் ஒவ்வொரு பாஸ் சுரத்துக்கும் வழக்கமாக வரும் கார்டு) எல்லா ஸ்கேலிலும், ஏறும்போதும் இறங்கும்போதும்.

தேர்வின் கண்டக்டிங் பகுதியில் கை இரண்டும் விசைகளில் இருக்கும். ஆரம்பத்தைக் கொடுப்பது மூச்சுதான். வரப்போகும் வேகத்திலேயே மூச்சை இழுங்கள்; அவசரமாக இழுத்துவிட்டு நிதானமாகத் தொடங்கினால் வயலின்கள் சிதறும். கை தேவைப்பட்டால் இடது கையை எடுங்கள், பாஸை செல்லோ தாங்கிக்கொள்ளும்.

சுருதி சேர்க்கச் சொன்னால் வல்லோட்டி என்ற சுருதி முறை போதும். ஏ = 415 ஹெர்ட்ஸ். முதலில் ஒரே ஒரு 8 அடி வரிசையில் (எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும் கம்பி வரிசை), நடு ஆக்டேவில். எஃப்–சி–ஜி–டி–ஏ–இ–பி வரையிலான ஆறு ஐந்தாம் இடைவெளிகளும் ஏறக்குறைய 4 சென்ட் (சென்ட் என்பது அரைப்படியில் நூறில் ஒரு பங்கு) குறுகல். மற்ற ஆறும் சுத்தம். நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யையும் அதற்குக் கீழே உள்ள டி-யையும் சேர்த்து அடித்தால் வினாடிக்குச் சுமார் ஒரு விம்மல் (ஒலி கூடிக் குறையும் அலை) கேட்க வேண்டும். சுத்தமானவற்றில் ஐந்தை வைத்து முடித்ததும் ஜி ஷார்ப்–இ ஃபிளாட் தானாகவே சுத்தமாக வந்து நிற்கும். நிற்காவிட்டால் பிழை பெரும்பாலும் குறுகலான ஆறில் ஒன்றில்; அங்கிருந்து திரும்பப் பாருங்கள். பிறகு ஆக்டேவ்கள், இரண்டாவது 8 அடி, கடைசியில் 4 அடி (ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கும் வரிசை). சுருதி சேர்க்கும் சுத்தியலை (திருகி) வெடுக்கென்று திருப்பினால் கம்பி அறும். நேர்த்தி வேண்டியதில்லை, நேரத்துக்குள் முடிக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் கப்ளரும் (இரண்டு விசைப்பலகைகளை இணைப்பது) ரெஜிஸ்டர் நெம்புகோல்களும் (கம்பி வரிசைகளைச் சேர்த்து விலக்குபவை) எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். கப்ளரை நகர்த்தும்போது எந்த விசையும் அழுந்தியிருக்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு விசையையும் மிக மெதுவாக அழுத்தி, மெதுவாக விடுங்கள். ஏதாவது ஜாக் (கம்பியைச் சுண்டும் மரத்துண்டு) கீழே திரும்பாமல் கம்பியின்மேல் தொங்கினால் அந்தச் சுரம் இரண்டாவது முறை ஒலிக்காது. வாசிக்க ஆரம்பிக்கும் முன்பே கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள்.