மூன்று டியூப்பில் பிர்ச் மரம்

வெள்ளைப் பட்டையுள்ள குளிர்நாட்டு மரமான பிர்ச் பினாங்குச் சூட்டில் வளராது, வாட்டர்கலரில் படம் பார்த்துத்தான் வரையணும். நம்ம ஊர் கெலாம் மரத்தைப் பார்த்துப் போட்டுடாதீங்க. அதோட வெள்ளைப் பட்டை நெடுக்கே உரியும். பிர்ச்சுக்குக் கோடு குறுக்கே ஓடும்.

அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) போதும். வெள்ளைக்குக் காகிதம்தான், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதம் எடுங்க. மாஸ்கிங் டேப்பை நீளவாக்கில் கையாலேயே கிழிச்சு ஒட்டினா மரத்தோட ஓரம் இயல்பா வரும். கத்தரிச்சா விளக்குக் கம்பம்! ஓரத்தை நகத்தால் அழுத்தலைன்னா சாயம் உள்ளே கசியும்.

டேப்புக்கு மேலேயே பின்னணியைப் பூசுங்க. இந்த ஈரக் காத்துல அது காய ரொம்ப நேரமாகும். புறங்கையால் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருந்தா இன்னும் ஈரம். அப்போ டேப்பை இழுத்தா காகிதத்தோட மேல்தோல் சேர்ந்து வந்துடும். ஹேர் டிரையரையும் சூடா வைக்காதீங்க, பசை இளகி இன்னும் பிடிச்சுக்கும்.

டேப்பை எடுத்த பிறகு மரத்துக்கு நிழல், ஒரு பக்கம் மட்டும்: அல்ட்ராமரினில் துளி சியன்னா, நிறைய தண்ணி. கறுப்பு டியூப் வேண்டாம், உயிரே இருக்காது. அதே ரெண்டையும் சம அளவில் கெட்டியா கலந்தா நல்ல கருமை கிடைக்கும். பழைய டச் என் கோ அட்டை (டோல் கட்டுற பிளாஸ்டிக் அட்டை) விளிம்பில் அதைத் தொட்டு, மரத்தோட ஓரத்திலிருந்து உள்ளே இழுங்க. பாதியில் தானா அறுந்துபோகும், அதுதான் பட்டை. சம இடைவெளியில் போட்டா வரிக்குதிரை.