ஆழமா வெட்டுங்க சார்

சிவகங்கைப் பக்கம் கண்மாய் (ஏரி) மராமத்து வேலைகளைப் பார்க்கும் பொறியாளராகப் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். எங்கள் கோப்பில் கண்மாயின் பயன் என்பது ஒரே வரி, ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் வயல், இத்தனை ஹெக்டேர். அது 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை), குறைந்தால் ஊராட்சி ஒன்றியம், அவ்வளவுதான். ஊருக்குள் போனால் ஆடுமாடு குடிக்கிறது, மீன் ஏலம் போகிறது, கரைக்குக் கீழே கிணறு வைத்திருப்பவர் மோட்டார் போடுகிறார், கோடையில் வண்டலுக்கு டிராக்டர் வரிசை கட்டுகிறது.

ஊர்க்காரர்களும் சேர்ந்து கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்து 2017இல் மறுபடி ஆரம்பித்தபோது எந்த ஊருக்குப் போனாலும் ஒரே பேச்சுதான், "ஆழமா வெட்டுங்க சார்." சரி, வெட்டலாம். ஆனால் வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் கோடை வரை கிடக்கும், அது சின்ன விஷயமில்லை, ஆனால் நெல்லுக்குப் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, அடியில் இருக்கிற களி தீர்ந்து சரளை தெரிய ஆரம்பித்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ஒரு ஊரில் ஜேசிபி முன்னாலேயே இதற்குச் சண்டை. கிணற்றுக்காரர் "இறங்கட்டுமே, என் கிணறு ஊறும்" என்கிறார், ஆயக்கட்டுக்காரர் "மாசி வரைக்கும் நிக்கலைன்னா என் பயிரு என்னாவுறது மாமா" என்கிறார். ரெண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் களி தெரிந்த இடத்தோடு நிறுத்தச் சொன்னேன், நெல்லுக்காரர் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று கிணற்றுக்காரருக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

இதில் எனக்குப் பிடிவாதமே ஒரு விஷயத்தில்தான். கரையை உயர்த்த மண் வேண்டும், பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று கரையின் உள்காலை, அதாவது தண்ணீர்ப் பக்கத்து அடிவாரத்தை, ஒட்டிப் பள்ளம் பறிப்பார்கள், வண்டிக் கூலி மிச்சம். கரையின் காலையே வெட்டிவிட்டு மேலே மண்ணைக் கொட்டி என்ன லாபம்? நல்லா தள்ளிப் போய், நீர்ப்பிடிப்புக்குள் எடுக்கச் சொல்லுவேன்.

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி மறுகால் போகும்போது, அதாவது நிறைந்து உபரி நீர் வழியும்போது, மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டியோடு கரையின் வெளிச்சரிவில் நடந்தால் அங்கங்கே கசிவு தெரியும். நண்டு வளையோ எலி வளையோ, பட்டுப்போன மரத்தின் வேர் உளுத்த துவாரமோ, ஏதோ ஒன்று. நீர்க்கட்டி முதலில் பார்ப்பது கசிவின் அளவை இல்லை, நிறத்தை. கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிவாக வந்தால் "கிடக்கட்டும், கண்ணு வச்சுக்குவோம்." கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, உடனே ஆள் கூப்பிட வேண்டியதுதான். களியை வைத்து வெளியே அடைத்தால் தண்ணீர் பக்கத்தில் வேறு வழி தேடும். அதனால் அந்த இடத்தில் முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் கல் என்று பாரம் ஏற்றுவோம், தண்ணீர் வடியும், மண் நின்றுவிடும். கசிவு தெளிகிற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.