ஆப்பும் ஆயாவும்

என் அக்கா மகன் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு வந்து இறங்கினான். மூன்று வாரம் இருப்பானாம். ஆயா கையால் மீன் குழம்பு சாப்பிடத்தான் வந்தானாம். அம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள். அக்கா வீட்டில் ராத்திரி 10 மணிக்கு மோடத்தைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த அன்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போனவன், கூடத்தில் அவன் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். திரையில் மணல் நிறச் சுவர்கள், மரப்பெட்டிகள், நடுவில் ஒருக்களித்த இரட்டைக் கதவு.

"டேய், இது டஸ்ட் 2 இல்ல?"

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வீட்டு மாடு திடீரென்று பேசியதுபோல் என்னைப் பார்த்தான். "மாமா, உங்களுக்கு இதெல்லாம் தெரியுமா?"

தெரியுமாவா! 2004ல் பாண்டிச்சேரியில் படித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நாங்கள் குடியிருந்த இடமே ஒரு பிரவுசிங் சென்டர்தான். எட்டு கம்ப்யூட்டர், ஒரே ஒரு மேசை ஃபேன், மணிக்கு 20 ரூபாய். ஆடியது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. டஸ்ட் 2 அதில் வரும் ஒரு களம். பையன் ஆடிக்கொண்டிருந்தது அதன் புது வடிவம். அதில் ஏ.டபிள்யூ.பி. என்று பச்சை நிறத்தில் ஒரு நீளத் துப்பாக்கி இருக்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ பட்டால் ஒரே குண்டில் ஆள் காலி. காலில் பட்டால்தான் பிழைப்பான். வெளிநாட்டுக்காரர்கள் அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து 'ஆப்' என்பார்கள். நம் வாயில் அது ஆப்பு ஆகாமல் இருக்குமா? "எவன்டா எனக்கு ஆப்பு வெச்சது?" என்று ஒருத்தன் கத்துவான். மூலை கம்ப்யூட்டரில் நான் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பேன்.

என் வித்தை மிகவும் எளிமையானது. டஸ்ட் 2ல் லாங் என்கிற நீளப் பாதைப் பக்கம் ஒரு பள்ளம் உண்டு. ஆப்பை வாங்கிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு (விளையாட்டில் அது தேவையே இல்லை, ஆனாலும் மூடுவேன்) ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது வந்தால் சுடுவேன். வராவிட்டால் அவன் அதிர்ஷ்டம். நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் அடைகோழி. பொறாமை என்றுதான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப நீங்க ஸ்னைப்பரா மாமா? ஆடுங்க பார்ப்போம்" என்று நாற்காலியை விட்டுக்கொடுத்தான். ரேட்டிங் போய்விடும் என்பதால் பிரீமியர் ஆட வேண்டாம், சாதாரண காம்பெடிடிவ் ஆடலாம் என்றான். அவன் புத்திசாலி.

பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றதும் யோசிக்காமல் 'குண்டு உப்பலவாடி' என்று தமிழில் தட்டினேன். எங்கள் ஊரை ஒட்டிய கிராமம் அது. அந்தக் 'குண்டு' எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1690ல் தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம் என்றால், கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை. வெள்ளைக்காரன் சும்மா விடுவானா? நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து திசைக்கு ஒன்றாகச் சுட்டான். குண்டு விழுந்த கிராமமெல்லாம் அவனுக்கு. குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றுவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து சுட்டே இவ்வளவு சம்பாதித்த ஊரில் பிறந்துவிட்டு, நான் ஏன் ஓட வேண்டும்?

கடைப் பட்டியலைத் திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டுக் காசில் ஆப்பு விலை 4750. அன்றைக்கும் 4750, இன்றைக்கும் 4750! கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வஞ்சிரம் விற்கிற விலைக்கு, உலகத்தில் இது ஒன்றாவது ஏறாமல் இருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனேன். வாங்கிய பிறகுதான் கவனித்தேன், உள்ளே 5 குண்டுதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் 10. கேட்டால், 2022 கடைசியில் குறைத்துவிட்டார்கள் என்கிறான். பிஸ்கட் பாக்கெட் கதைதான். விலை அதே, உள்ளே சரக்கு பாதி.

சரி என்று பள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"மாமா, லேப்டாப் ஹேங் ஆயிடுச்சா?"

"இல்லடா. பதுங்கியிருக்கேன்."

மூலையிலிருந்து ஒருத்தன் மின்னல் மாதிரி வந்தான், சுட்டான், நான் விழுந்தேன். நான் அவனைப் பார்த்ததும் செத்ததும் ஒன்றாக நடந்தன. போதாக்குறைக்கு என் துப்பாக்கியை அவன் எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஆட்கள் இரண்டு பேரைச் சுட்டான். நம் காசில் வாங்கிய ஆப்பு நமக்கே வந்தது.

"ஏமாத்தறான்டா" என்றேன்.

ஏமாற்று இல்லையாம். எட்டிப் பார்க்கிறவனுக்கு எப்போதும் ஒரு கண்ணிமைப்பு லாபமாம். பிரவுசிங் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே அறையில் ஒயரால் கட்டியிருந்தன. இங்கே அவன் மூலையைத் தாண்டிய சேதி சென்னையில் இருக்கிற சர்வருக்குப் போய், அங்கிருந்து என் திரைக்கு வர வேண்டும். அதற்குள் அவன் திரையில் நான் பிள்ளையார் மாதிரி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இந்தக் காலத்தில் ஸ்னைப்பர் என்றால் பதுங்குகிறவன் இல்லை, தேடிக்கொண்டு போகிறவன். அன்றைய கணக்கு: நான் செத்தது 16 தடவை, கொன்றது 3. அந்த 3ல் ஒருவன் ஆட்டத்தை விட்டு எழுந்து போயிருந்தவன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பாடம் தொடங்கியது. மவுஸ் பேட் இல்லை என்று போன வருஷக் காலண்டர் அட்டையைப் போட்டுத் தந்தான்.

"நின்னா சுடணும், சுட்டா ஓடணும். அவ்ளோதான் மாமா."

அவ்வளவுதான் என்று அவன் சொன்னதில் பத்து வேலை இருந்தது. டி விசையை அழுத்தி வலது பக்கம் வெளியே வர வேண்டும். உடனே எதிர்ப்பக்க ஏ விசையை ஒரு தட்டு தட்டினால் ஆள் பிரேக் பிடித்ததுபோல் நிற்பான். நின்ற அந்தக் கணத்தில்தான் குண்டு நேராகப் போகும். ஓடிக்கொண்டே சுட்டால் வானத்துக்கும் போகும், சுவருக்கும் போகும். ஸ்கோப்பை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. கத்தியோடு ஓடினால் வேகம் 250 என்றால், ஆப்போடு 200, ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நடந்தால் வெறும் 100. நிற்பது, ஸ்கோப், சுடுவது மூன்றும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். சுட்டதும் பட்டதா இல்லையா என்று நின்று பார்ப்பது என் மாதிரி ஆட்களின் பழக்கம். கத்திக்கு மாறி ஒளிந்துவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த குண்டுக்கு ஒன்றரை விநாடி ஆகும்.

"முன்னெல்லாம் ஸ்கோப்போட வேகமா நடக்கலாம் மாமா. கென்னிஎஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதுல பின்னி எடுப்பாரு. 2015ல வேகத்தைக் குறைச்சுட்டாங்க. இப்ப சைவூ இருக்காரு, அவரும் பிரெஞ்சுக்காரர்தான்."

"யாருடா சைவம்?" என்று கொல்லைப்புறத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சங்கரா வாங்கியாந்திருக்கேன், இன்னிக்கு யாரும் சைவம் கெடையாது."

அந்தப் பிரெஞ்சுக்காரர் 2023ல் பாரிஸில் நடந்த மேஜர் என்கிற பெரிய கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டியை வென்ற வைட்டாலிட்டி அணியில் இருந்தவராம். படிப்பெல்லாம் பாண்டிச்சேரியில் முடித்தும், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நான் பேக்கரியைத் தவிர எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கடைசியாகத் தோள் காட்டும் வித்தை. மூலையிலிருந்து தோளை மட்டும் காட்டிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வது. எதிராளி பதற்றத்தில் சுட்டுவிடுவான். அவனுக்கு அந்த ஒன்றரை விநாடி இருக்கிறதே, அதில் நாம் வெளியே போய்விட வேண்டும். பையன் எத்தனை தடவை விளக்கியும் என் விரல்களுக்குப் புரியவில்லை. தோளைக் காட்டச் சொன்னால் முழு உடம்போடு வெளியே போய் நிற்கிறேன். ஒரு தடவை கையை வீசியதில் மவுஸ் அட்டையைத் தாண்டிப் போய்க் காபி டம்ளரைத் தட்டிவிட்டது. அந்தக் குறி மட்டும் தப்பவில்லை.

"மாமா, இங்க வாங்க. அங்க பாருங்க" என்று ஜன்னல் பக்கம் இழுத்துப் போனான்.

கொல்லையில் அம்மா அரிவாள்மனையில் உட்கார்ந்து சங்கரா ஆய்ந்துகொண்டிருந்தாள். சாம்பல் ஒரு பக்கம், கொட்டாங்குச்சிக் குவியல் ஒரு பக்கம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எங்கள் தெருப் பூனை. ஒற்றைக் காது கிழிந்த கடுவன். அம்மா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'திருட்டுப் பய'. ஏதோ பக்கத்து வீட்டு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் அவன் வந்தான், அவன் போனான் என்றுதான் எப்போதும் சொல்வாள்.

தொட்டி ஓரத்தில் அந்தக் கிழிந்த காது தெரிந்தது. அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கொட்டாங்குச்சியை வீசினாள். தொட்டி விளிம்பில் டணாரென்று பட்டது. காது அதற்குள் உள்ளே போய்விட்டது. அம்மா அடுத்த கொட்டாங்குச்சிக்குக் கையை நீட்டிக் குனிந்த நேரம்தான். பூனை வந்தது, தட்டிலிருந்து ஒரு தலையைக் கவ்வியது, சுவரேறிப் போயே போய்விட்டது.

"பார்த்தீங்களா? தோள் காட்டிச்சு, ஆயா சுட்டுச்சு, ரீலோடு டயத்துல வேலையை முடிச்சுச்சு. அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல மாமா."

அந்த வாரம் முழுக்க வேலையிலிருந்து வந்ததும் பயிற்சி எடுத்தேன். வீட்டுக்காரி கோயிலுக்குக் கூப்பிட்டபோது ஒரே ஒரு ரவுண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

அடுத்த ஞாயிறு. பையன் பின்னால் நிற்க, உண்மையான ஆட்டம். அணியில் மதுரைப் பக்கத்துப் பேச்சோடு ஒரு தம்பி மாட்டினான். 'குண்டு உப்பலவாடி' என்பதை அவன் ஒருவன்தான் சரியாகப் படித்தான். "அண்ணே, ஆப்பு வாங்கித் தரவா?" என்று அவனே காசு போட்டு வாங்கியும் தந்தான். தங்கமான பிள்ளை.

நடுக் கதவுப் பக்கம் போனேன். தோளைக் காட்டினேன். டமார்! எதிரியின் குண்டு சுவரில் பட்டது. டி, ஏ, ஸ்கோப், சுட்டேன். விழுந்தான்! என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். "கத்தி, மாமா, கத்தி! ஓடுங்க!" என்று பையன் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக நான் அந்தப் பள்ளத்தை விட்டு வெளியே ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் நானும் மதுரைத் தம்பியும், எதிர்ப்பக்கம் ஒரே ஒருத்தன். எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. யாரும் மூச்சுவிடவில்லை. இருவரும் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வீடே அதிர்ந்தது.

"டேய்! பின்னாடி வரான் பாரு! பின்னாடி! திருட்டுப் பய, பின்னாடிதான் வரான்!"

என் மைக் திறந்தே இருந்திருக்கிறது. மதுரைத் தம்பி சட்டென்று திரும்பினான். பின்னால் நிஜமாகவே அந்தக் கடைசி ஆள் கத்தியைப் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் வந்துகொண்டிருந்தான். இரண்டே குண்டு. ரவுண்டு எங்களுக்கு.

கொஞ்ச நேரம் மைக்கில் ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணே, பின்னாடின்னு சொன்னது யாருண்ணே?"

"எங்க அம்மா."

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்திரிச்சுட்டு அம்மாவ உக்காரச் சொல்லுங்க."

அதற்குள் அம்மாவே கூடத்து வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் கொட்டாங்குச்சி, இன்னொரு கையில் காலித் தட்டு. "ஆளுக்கொரு துப்பாக்கிய வெச்சிக்கிணு இங்க சுட்டுக்கிணு இருக்கீங்க. அங்க ஒரு பூனையைத் தொரத்த ஆளில்ல. முழு மீனு ரெண்டு போச்சு!"

அன்று மத்தியானம் முருங்கைக்காய் சாம்பார். பையன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டான்.

சாயங்காலம் லேப்டாப்பில் மதுரைத் தம்பியிடமிருந்து நட்பு அழைப்பு வந்திருந்தது. கூடவே ஒரு செய்தி. 8 மணிக்கு ஆட வருகிறீர்களா என்று கேட்டிருப்பான் என்று ஆசையோடு திறந்தேன்.

"அண்ணே, அம்மா ஃப்ரீயா இருக்காங்களா?"