தோளில் ஒரு மைக்

சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோன் வாசல், டீ நேரம். தறிக்காரர் ஒருவர் ஃபோனில், “சத்தம் கேக்குது கண்ணு, நீ என்ன சொல்றேன்னுதான் தெரியல” என்கிறார்.

இரைச்சலில் கெடும் காது இப்படித்தான். முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகள். ச, ஷ போன்ற மெய்கள் மங்கும். உயிரெழுத்து தப்பிக்கும்.

நாடா அடிக்கும் தறிக்கு நடுவே ஃபோன் ஆப்பை நீட்டி 'இரைச்சலை அளந்தாச்சு' என்பது வேலைக்கு ஆகாது. டோசிமீட்டர் வேண்டும்; வேலை நேரம் முழுக்க உடம்பில் மாட்டி, காதுக்கு வரும் இரைச்சலைக் கூட்டிக் கணக்கிடும் கருவி. மைக் தோளில், காதுத் துளையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளி. சட்டைக் காலர் உரசினால் அந்தச் சரசரப்பும் கணக்கில் ஏறிவிடும். துண்டு மூடினால் அளவு குறையும். மாட்டும் முன்னும் கழற்றிய பின்னும் காலிபிரேட்டர் (தெரிந்த அளவு ஒலி எழுப்பி மைக்கைச் சரிபார்க்கும் கருவி) வைக்கணும்; இரண்டுக்கும் 0.5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பாதித் தறி நின்றிருக்கும் நாளில் அளப்பது ஏமாற்று.

நம்மூர் தொழிற்சாலை விதியில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை. 5 டெசிபல் ஏறினால் அனுமதித்த நேரம் பாதி. ஆக 100-க்கு 2 மணி. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை 85-இல் தொடங்கி, 3 ஏறினாலே பாதி. அதே 100-க்கு 15 நிமிடம்தான்! காதுக்கு நியாயம் அதுதான் என்பேன்.

பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். அது பெரிதாகத் தடுக்காது. ஃபோம் பிளக்கை ஒல்லியாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்து நுழைத்து, உப்பும்வரை விரலால் பிடிக்கணும்.

காது பரிசோதனையை ஷிப்ட் முடிந்த கையோடு வைக்காதீர்கள். 14 மணி நேரமாவது ஓய்வு கொடுங்கள்.