9.8 என்றால் எவ்வளவு?

நகைக்கு மதிப்பு சொல்கிறவனுக்கு எல்லாப் பொருளின் விலையும் தெரியும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. தக்கலையில் ஒரு வங்கிக் கிளையில் நகை மதிப்பீட்டாளராக இருக்கிறேன். பித்தளை உருளி, தேக்குக் கட்டில், திருவிதாங்கூர் காலத்துச் சக்கரக் காசு என்று எதையெதையோ கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். இப்போது வீடியோ கேமும் வந்துவிட்டது.

கொண்டுவந்தவன் அக்கா மகன். அத்தான் துபாயில் இருந்த காலத்தில் ஒவ்வொரு லீவுக்கும் அவனுக்குக் கேம் வாங்கி வருவார். வீட்டில் இருந்த பிளேஸ்டேஷன் 2 பழுதான பிறகும் அவர் வாங்கி வருவதை நிறுத்தவில்லை. அப்படித்தான் சில டப்பாக்கள் பிரிக்காமலே மச்சில் ஏறின. "மாமா, அமெரிக்காவுல ஒரு மாரியோ கேம் பத்து கோடிக்கு மேல போயிருக்கு. நம்மகிட்ட இருக்கதுக்கு ஒரு லட்சம் கூடவா கிடைக்காது?" என்றான்.

அவன் சொன்ன செய்தி உண்மைதான். 2021 ஜூலை 11 அன்று ஹெரிட்டேஜ் ஏலக்கூடத்தில், 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64-இன் சீல் பிரிக்காத ஒரு பிரதி 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய மாற்று விகிதத்தில் 11 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு இரண்டு நாள் முன்புதான் அதே ஏலத்தில் லெஜண்ட் ஆஃப் செல்டா 8 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போயிருந்தது. அடுத்த மாதமே, பொருளின் உரிமையைப் பங்கு பங்காக விற்கும் ராலி என்ற தளத்தில் ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 20 லட்சம் டாலர். ராலி அதை முந்தின ஆண்டு வாங்கியது 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு.

இந்தக் கணக்கில் ஒரு சின்ன விஷயத்தைச் செய்தி போட்டவர்கள் பலர் விட்டுவிட்டார்கள். அந்த மாரியோ 64 ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகை 13 லட்சம் டாலர். மீதி 2 லட்சத்து 60 ஆயிரம், வாங்குகிறவர் ஏலக்கூடத்துக்குத் தரும் 20 சதவீதக் கூடுதல். செய்தியில் வரும் தொகையும் விற்றவர் கைக்குப் போன தொகையும் வேறு வேறு. நகைக்கடை விளம்பரத்தில் செய்கூலி சேதாரத்தைத் தேடிப் படிக்கிற எங்கள் ஊர்ப் பெண்களிடம் இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

சரி, கிரேடுக்கு, அதாவது பொருளின் நிலையைப் பார்த்துப் போடும் மார்க்குக்கு வருவோம். இந்தத் தொழிலில் நன்றாகத் தெரிந்த பெயர்கள் மூன்று. பழையது விஜிஏ, 100 வரைக்குமான அளவுகோலில் 85, 90 என்று போடும். வாட்டா அமெரிக்காவின் டென்வரில் தொடங்கியது, 10 வரைக்கும் மார்க். காமிக்ஸ் புத்தகங்களுக்குக் கிரேடு போட்டுப் பெயர் வாங்கிய சிஜிசி பிறகு கேமுக்கும் வந்தது. மூன்றும் செய்கிற வேலை ஒன்றுதான்: பொருள் அசலா என்று பார்ப்பது, எந்த அச்சு என்று கண்டுபிடிப்பது, நிலையைப் பார்த்து மார்க் போடுவது, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து எண்ணோடு சீட்டு ஒட்டுவது. நாணயத்துக்கும் கிரிக்கெட், பேஸ்பால் அட்டைகளுக்கும் பல ஆண்டுகளாக நடந்து வந்த முறை, கேமுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. கேம் ஓடுகிறதா என்பது சீல் பிரிக்காத பொருளில் கேள்வியே இல்லை. பிரித்தால் மதிப்புப் போச்சு.

வாட்டா சீட்டில் எண்ணோடு ஓர் எழுத்தும் இருக்கும். 9.8 என்பது பெட்டியின் நிலை; பக்கத்தில் இருக்கும் ஏ பிளஸ் பிளஸ் என்பது மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையின் நிலை. மூலை மழுங்கியிருக்கிறதா, உறை இறுகி அட்டையை வளைத்திருக்கிறதா, பழைய விலைச்சீட்டுக் கிழிந்த தடம் உண்டா, வெயிலில் நிறம் மங்கியிருக்கிறதா எல்லாம் இதில் அடங்கும். பிரித்த பொருளானால் பெட்டி, கையேடு, கேசட் மூன்றுக்கும் தனித்தனி மார்க்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி உறையின் ஒட்டுத் தையல். மாரியோவை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனத்தின் 80-களின் கேம்களில் ஆலையில் போட்ட பிளாஸ்டிக் உறையின் பின்பக்கம், குறுக்கே ஒரு மடிப்பு ஓடும். இரண்டு ஓரத்து ஒட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆங்கில எச் எழுத்தைப் போல இருக்கும். அதற்கும் முன்னால், 1985-இல் அமெரிக்காவில் முதலில் இறங்கிய பெட்டிகளில் பிளாஸ்டிக் உறையே கிடையாது. மூடியில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். வெளியில் ஒரே படம், ஒரே பெயர். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியதற்கும் பின்னால் வந்த அச்சுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 2019-இல் முதல் முறை ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அந்த ஸ்டிக்கர் வகைதான். மார்க் 9.4.

ஏமாற்றும் இங்கேதான் நடக்கிறது. சுருங்கும் பிளாஸ்டிக்கும் சூடுகாற்றுத் துப்பாக்கியும் இருந்தால் யாரும் உறை போடலாம். மார்த்தாண்டத்தில் தேன் பாட்டிலுக்கு உறை போடுகிறவர் கையில் ஒரு கேம் டப்பாவைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் 'புதுசு' ஆக்கித் தந்துவிடுவார். கள்ள எண்ணம் இல்லாமலும் இது நடக்கும். கடையில் காட்சிக்குப் பிரித்து வைத்ததை மறுபடி உறை போட்டு விற்கிற வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அக்கா மகன் கொண்டுவந்ததில் ஒரு டப்பாவின் உறை, ஓரத்தில் வெட்டு நேராக இல்லாமல், மூலையில் கருகிய சுருக்கத்தோடு இருந்தது. ஆலையில் போட்டதாக எனக்குப் படவில்லை. அதை அவனிடம் சொன்னபோது முகம் வாடிவிட்டது.

இனி என் தொழில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நகையில் 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். குலசேகரத்தில் சோதித்தாலும் கோயம்புத்தூரில் சோதித்தாலும் அதேதான் வர வேண்டும். கருவி இருக்கிறது, அமிலம் இருக்கிறது. மாற்று தெரிந்துவிட்டால் எடையைப் போட்டு, அன்றைய பவுன் விலையைப் பெருக்கினால் முடிந்தது. கேம் கிரேடில் முதல் பாதி மட்டும் இருக்கிறது, அதுவும் கண்ணளவில். 9.4-க்கும் 9.6-க்கும் இடையில் கருவி எதுவும் இல்லை, ஒரு மனிதரின் பழகிய பார்வைதான். இரண்டாம் பாதியான பவுன் விலைப் பலகை இந்தச் சந்தையில் கிடையவே கிடையாது. அன்று ஏலத்தில் எதிரெதிரே எத்தனை பேர் நின்றார்கள் என்பதே விலை. இரண்டே பேர் பிடிவாதமாக நின்றால் வானத்துக்குப் போகும். அடுத்த மாதம் அதில் ஒருவர் வரவில்லை என்றால் அதே மார்க் உள்ள பிரதி பாதிக்குக் கூடப் போகாமல் இருக்கலாம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த 2019 மாரியோவைக் கூட்டாக வாங்கிய மூவரில் ஒருவர் ஹெரிட்டேஜ் ஏலக்கூடத்தின் நிறுவனர்களில் ஒருவர். அது ஒளித்துச் செய்த காரியம் அல்ல, அப்போதே வெளியில் சொன்னதுதான். ஆனால் 2021-இல் விலைகள் ஏறியபோது, கிரேடு போடும் வாட்டாவும் ஏலம் விடும் ஹெரிட்டேஜும் சேர்ந்து சந்தையை ஊதிவிட்டார்கள் என்று யூடியூபில் குற்றச்சாட்டு எழுந்தது. இரு தரப்பும் மறுத்தன. 2022-இல் கலிபோர்னியாவில் வாட்டா மீது வழக்கும் போட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. தொழில்முறையில் ஒன்று மட்டும் சொல்வேன்: கிரேடுக் கட்டணம், பொருளுக்கு நாம் அறிவிக்கும் மதிப்பு ஏற ஏறக் கூடுகிறது. அதாவது விலை ஏறினால் மதிப்பிடுகிறவருக்கும் லாபம். என் கூலியும் கடன் தொகையை ஒட்டித்தான் வருகிறது, அதனாலேயே வங்கி அவ்வப்போது வேறு மதிப்பீட்டாளரைக் கொண்டு நான் மதிப்பிட்ட அடகு நகைப் பைகளை மறுபடி உரசிப் பார்க்கச் சொல்கிறது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. கேம் உலகில் அந்த இரண்டாவது ஆள் யார்?

எந்த மார்க்கில் எத்தனை பிரதி இருக்கிறது என்ற கணக்கையும் வாட்டா ஆரம்ப காலத்தில் வெளியிடவில்லை. 9.8 உலகத்திலேயே மூன்றுதான் இருக்கிறதா, முன்னூறு இருக்கிறதா என்று தெரியாமல் விலை கேட்பது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நகை வாங்குவதாகத்தான் படுகிறது.

மாரியோ கதை போதும், அக்கா மகன் டப்பாவுக்கு வருகிறேன். அவன் பெரிதாக நம்பியிருந்தது பிளேஸ்டேஷன் 2-இன் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2004-இல் வந்தது. அந்த இயந்திரத்தில் மட்டும் ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேல் விற்ற கேம். அரிதான பொருள் அல்ல, ஊரெல்லாம் இருக்கிற பொருள். அவன் கையில் இருப்பது ஐரோப்பா, வளைகுடா பக்கத்து டிவி முறைக்கான 'பால்' (PAL) வகை. பெரிய விலைக்குப் போவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்பு, ஏனென்றால் சின்ன வயசில் அதை ஆடி, இன்று பணம் சேர்த்திருக்கிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். மூன்றாவதாக, முதல் அச்சா என்று பார்க்க வேண்டும். நன்றாக விற்ற கேம்களைச் சோனி பிறகு வெள்ளி நிறப் பட்டையோடு 'பிளாட்டினம்' என்று மலிவு விலையில் மறுபடி இறக்கும். சேகரிப்பவர்கள் அதைத் தொடுவதில்லை. அவனுடையதில் அந்தப் பட்டை இருந்தது.

"அப்ப கிரேடுக்கு அனுப்பண்டாமா மாமா?"

"கணக்குப் போடு மக்ளே" என்றேன். கிரேடுக் கட்டணம், அமெரிக்காவுக்குக் கூரியர், வழியில் நசுங்காமல் இருக்க இரட்டைப் பெட்டி, காப்பீடு, திரும்பி வந்தால் சுங்கம். பிறகு ஈபேயில் விற்றால் விற்ற தொகையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அவர்களுக்கு. இதையெல்லாம் கூட்டி, பிரைஸ்சார்ட்டிங் தளத்தில் அந்தக் கேமின் சீல் பிரிக்காத விலையையும் கிரேடு போட்ட விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் செலவை விடக் கூடுதலாக இருந்தால் மட்டும் அனுப்பலாம். அந்தத் தளம் நடந்து முடிந்த விற்பனையைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஈபேயில் பார்ப்பதானாலும் 'விற்றவை' என்பதைத் தட்டிப் பார்க்க வேண்டும். விற்காமல் தொங்குகிற விலையைப் பார்த்து மனக்கோட்டை கட்டுகிறவர்கள்தான் அதிகம். கணக்கைப் போட்டான். மிச்சம் வரவில்லை, கையை விட்டுத்தான் போகும்.

பிரிக்காத டப்பாக்களோடு நிண்டெண்டோவின் ஜப்பானிய இயந்திரமான ஃபேமிகாமின் ஒரு பழைய நகல் கேசட்டும் வந்திருந்தது. மேலே ஆறு இலக்கத்தில் ஏதோ எண் போட்டு, அத்தனை கேம் உள்ளே என்று எழுதியிருக்கும் வகை. தொண்ணூறுகளில் நாகர்கோவிலில் வளர்ந்தவர்களுக்கு அசல் நிண்டெண்டோவை விட இதுதான் சொந்தம். கிரேடு நிறுவனங்கள் முதலில் பார்ப்பதே அசலா என்பதை, ஆகவே இதற்கு அங்கே வேலை இல்லை. எனக்கு மட்டும் மொத்தக் கூட்டத்தில் அதைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றியது. கேட்டேன், தர மாட்டேன் என்றுவிட்டான்.

விற்கிறானோ வைத்திருக்கிறானோ, மச்சிலிருந்து முதலில் இறக்கச் சொன்னேன். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூன்வாக்கில் வரும் இடவப்பாதியில் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறை சுவரே வியர்க்கும். குளச்சல், முட்டம் பக்கமானால் கடலின் உப்புக் காற்று வேறு. அட்டையில் பூசணம் பிடித்தால் எந்தக் கிரேடுக்காரரும் இரங்க மாட்டார். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், வெயில் படாத கீழ் அலமாரி, இவ்வளவு போதும். பாச்சை உருண்டை வேண்டாம், பல ஆண்டு ஆனாலும் மணம் போகாது.

இதைப் படித்துவிட்டு எனக்குப் படம் அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பக்கத்தை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். பின்பக்கத்து ஒட்டு, நாலு மூலை, பார்கோடு, அடிப்பக்கம் எல்லாம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் போட்டால் பிளாஸ்டிக் மின்னி ஒன்றும் தெரியாது. எந்த ஊரில் வாங்கியது, எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள். அச்சு எது, உறை ஆலையில் போட்டதா என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும். எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.